ஆசாரத்தில் கேட்ட குரல்

ஒரு பேய்ப் படத்துக்கு நான் நன்றி சொல்கிறேன் என்றால் எங்கள் சொந்தத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். கயல்விழிக்கு வாய்தான் நீளம் என்று நினைத்தோம், இப்போது புத்தியும் பிசகிவிட்டது என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தப் படத்தை எடுத்தவர்களும் அதில் நடித்த பிள்ளைகளும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று காரமடை ரங்கநாதர் சந்நிதியில் நின்று வேண்டிக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் தோட்டத்து வீட்டைப் பார்க்க சினிமாக்காரர்கள் வந்தார்கள். காரமடைக்கு மேற்கே, பாக்குத் தோப்புக்கு நடுவில் இருக்கும் பழைய வீடு. நடுவில் ஆசாரம் என்று நாங்கள் சொல்லும் பெரிய கூடம், அதைச் சுற்றி நாலு அறைகள். பகலிலேயே லைட்டைப் போட்டால்தான் ஊசியில் நூல் கோர்க்க முடியும். பேய் குடியிருக்க இதைவிட லட்சணமான வீடு கிடைக்காது என்று டைரக்டருக்குத் தோன்றியதில் தப்பே இல்லை. தினமும் அதைக் கூட்டிப் பெருக்குகிற எனக்கே சில நாள் அப்படித் தோன்றும்.

கதையைக் கேட்டதும் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. பிளஸ் டூ படிக்கும் ஆறு பேர் லீவுக்கு ஒரு பாழடைந்த வீட்டுக்கு வருகிறார்கள். தரையில் சாக்பீஸால் எழுத்துகளை வட்டமாக எழுதி, நடுவில் ஒரு காசை வைத்து, ஆளுக்கொரு விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு, செத்துப்போனவர்களைப் பேச்சுக்கு இழுக்கிறார்கள். வந்தது திரும்பிப் போக மாட்டேன் என்கிறது.

"ஏனுங்க மாமா, வெளக்கு வெக்கற எடத்துல செத்தவங்களைக் கூப்புடறதா? உங்களுக்குக் கூறு கீறு இருக்குதுங்களா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"அட, நடிப்புத்தான கயலு. நெசமாவா கூப்புடறாங்க? நம்மூடு சினிமாவுல வருது, ஊரே பாக்கும்" என்றார் அரங்கசாமி. என்னிடம் கேட்பதற்கு முன்பே டைரக்டரிடம் சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருந்தார். எனக்குப் பேய்கூடப் பெரிதில்லை. என்னைக் கேட்காமல் தலையாட்டியதுதான் பெரிது.

அப்போது பன்னிரண்டு வயதாக இருந்த என் மகள் கனிஷ்காவை இழுத்துக்கொண்டு துடியலூரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். காலாண்டுப் பரீட்சை லீவு, அதனால் பள்ளிக்கூடக் கவலையும் இல்லை. பதினோரு நாள் ஷூட்டிங். பதினோரு நாளும் நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பன்னிரண்டாம் நாள் அவரே காரை எடுத்துக்கொண்டு வந்து எங்களைக் கூட்டிப்போனார். காரமடை வந்து சேரும்வரை நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியே வைத்திருந்தேன்.

நாலு மாதம் கழித்து, மேட்டுப்பாளையம் ரோட்டில், பைக்கில் வந்துகொண்டிருந்த அவர்மேல் ஒரு லாரி ஏறிவிட்டது. நாற்பத்தைந்து வயது. வீட்டுக்கு வந்து சேர்ந்தது அவர் உடம்பும், நொறுங்கிப்போன அவர் செல்போனும், ஒரு ஜோடிச் செருப்பும்.

அவருடைய அண்ணன் பாலுசாமி மாமா கருமாதி முடிவதற்குள்ளேயே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். "செத்தவங்களை ஊட்டுக்குள்ள கூப்புட்டா அவங்க சும்மா போவாங்களா? ஒருத்தரைக் கையோட கூட்டீட்டுத்தான் போவாங்க" என்றார். மறைப்பானேன், நானும் நம்பினேன். லாரிக்காரன்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன், கடவுள்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன், ரெண்டும் போதவில்லை. அந்தப் படத்தின்மேல் கோபப்படுவது சுலபமாக இருந்தது. ஆசாரத்தில் சாக்பீஸ் வட்டம் போட்ட இடத்தைச் சோடா உப்புப் போட்டு நானே மூன்று தடவை தேய்த்துக் கழுவினேன்.

என்மேல் இருந்த கோபத்தை மட்டும் கழுவ முடியவில்லை. அவர் உயிரோடு இருந்த கடைசி நாட்களில் பதினோரு நாளை நான் வீம்புக்குத் தூக்கி எறிந்திருந்தேன். சும்மா ஒரு படத்துக்காக.

வருஷங்கள் ஓடின. போன தைப்பொங்கலுக்கு முந்தின வாரம், தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தபோது கனிஷ்கா சொன்னாள். "அம்மா, அப்பா மொகம் ஞாபகம் இருக்குது. கொரல் வர மாட்டேங்குது. நெனச்சு நெனச்சுப் பாக்கறேன், வாய் மட்டுந்தான் அசையுது."

பின்னலை அப்படியே விட்டுவிட்டேன். அன்றைக்கே தேட ஆரம்பித்தோம். என் பழைய போனை மாற்றியபோது கடைக்காரர் எல்லாம் புதுப் போனுக்கு வந்துவிட்டது என்றார். படங்கள்தான் வந்திருந்தன. வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிற ஆளும் அவர் இல்லை, போன் செய்துவிடுவார். கல்யாண வீடியோவைப் போட்டோம். மூன்று மணி நேரமும் சினிமாப் பாட்டு. அவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்கிறார், நான் சிரிக்கிறேன், மேலே நாதஸ்வரமும் டூயட்டும் ஓடுகின்றன. கனிஷ்காவின் பிறந்தநாள் வீடியோவில் இருபது பேர் சேர்ந்து பாடுகிறார்கள், அவர் கை தட்டுகிறார். சொந்தக்காரர்களிடம் எல்லாம் கேட்டோம். எல்லாரிடமும் போட்டோ இருந்தது.

"கொரல் மறந்த மாதிரி கொஞ்ச நாள்ல மொகமும் மறந்துருமாம்மா?" என்று ஒருநாள் கேட்டாள். அப்படியெல்லாம் மறக்காது கண்ணு என்றேன். உண்மையில் எனக்கே அவர் குரல் தேய்ந்துகொண்டிருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கிடப்பில் கிடந்த படம் வெளியே வந்தது. மேட்டுப்பாளையம் ரோடு முழுக்க எங்கள் வீடு போஸ்டரில் தொங்கியது. பாலுசாமி மாமா காலையிலேயே வந்து நின்றார்.

"நம்ம குடும்பத்துல ஒருத்தரும் அந்தக் கருமத்தைப் பாக்கக் கூடாது, சொல்லிப்போட்டேன். நான் வக்கீலைப் பாக்கறேன்" என்றார்.

அவர் கூடாது என்று சொல்லாமல் இருந்திருந்தால் நான் அந்தத் தியேட்டர் இருக்கும் தெருவுக்கே போயிருக்க மாட்டேன். என் சுபாவம் அப்படி. போதாததற்கு கனிஷ்கா வேறு, "அப்பா இருக்கறப்ப எடுத்ததும்மா. ஊடு அப்ப இருந்த மாதிரி இருக்கும். அவர் சட்டை எங்கியாவது கொடியில தொங்குனாலும் தொங்கும்" என்றாள். பதினாறு வயது ஆகாதவர்கள் பெற்றவர்களோடுதான் வர வேண்டிய படம். சனிக்கிழமை மதிய ஆட்டத்துக்கு ரெண்டு டிக்கெட் எடுத்தேன்.

தியேட்டர் முழுக்கக் காலேஜ் பிள்ளைகள். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே பயமுறுத்தினார்கள். என் சமையலறைக் கதவு தானாகத் திறக்கிறது. அதன் கீல் மழைக்காலத்தில் எப்படி மக்கர் செய்யும் என்று எனக்குத் தெரியும், எண்ணெய் விடுகிறவளே நான்தான். இருந்தும் காலை சீட்டின்மேல் தூக்கி வைத்துக்கொண்டேன். நான் அரிசி புடைக்கிற மூலையில் ஒரு பெண் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவள் மெல்லத் திரும்பியபோது அவளுக்குக் கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. அவர் சட்டை கொடியில் எங்கேயும் தொங்கவில்லை.

இடைவேளைக்கு அப்புறம்தான் அந்தக் காட்சி. ஆறு பேரில் நாலு பேர் மிச்சம். கரண்ட் இல்லை. வட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து காசின்மேல் விரலை வைக்கிறார்கள். ஒரு பெண் நடுங்கிக்கொண்டே கேட்கிறாள்: "இங்க யாராவது இருக்கீங்களா? இருந்தா பேசுங்க."

சத்தமே இல்லை. அப்புறம் இருட்டுக்குள்ளிருந்து, எங்கள் ஆசாரத்தின் மூலையிலிருந்து, யாரோ ரெண்டு தடவை தொண்டையைச் செருமினார்கள். தொடர்ந்து ஒரு குரல். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, கனமாக, இழுத்து இழுத்து, என்ன சொல்கிறது என்றே விளங்காத ஓர் உறுமல்.

தியேட்டர் அலறியது. பின்சீட்டுக்காரனின் பாப்கார்ன் மொத்தமும் என் தலையில் கொட்டியது. நானும் அலறினேன். கனிஷ்கா அலறவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அம்மா, அப்பா."

பிள்ளையை எதுவோ பிடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். "எந்திரி, போலாம்" என்று இழுத்தேன். அவள் அசையவில்லை.

"ரெண்டு தடவ செருமுனாருல்ல? அப்பா பேசறதுக்கு முன்னால அப்படித்தானம்மா. நீங்க கேளுங்க. கண்ணை மூடிட்டுக் கேளுங்க."

திரையில் அந்தப் பெண் மறுபடியும் கேட்டாள். மறுபடியும் ரெண்டு செருமல், மறுபடியும் குரல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அவர்தான். எத்தனை இழுத்தாலும், எத்தனை கனமாக்கினாலும், கடைசி எழுத்தைக் கொஞ்சம் தூக்கி விடுகிற அந்தப் பழக்கம் போகவில்லை. பதினெட்டு வருஷம் என்னோடு பேசின குரல். தெரிய வேண்டியவளுக்கு அடையாளம் தெரியவில்லை, பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது.

அதற்கப்புறம் அந்தப் பேய் எப்போது வரும், எப்போது பேசும் என்று நாங்கள் ரெண்டு பேரும் ஆவலாகக் காத்திருந்தோம். கடைசியில் ஒரு மந்திரவாதி வந்து அதைப் புட்டிக்குள் அடைத்தான். எல்லாரும் கை தட்டி விசிலடித்தார்கள். நாங்கள் ரெண்டு பேர் மட்டும் தேம்பித் தேம்பி அழுதோம். முன்வரிசைப் பையன் திரும்பிப் பார்த்து, "அக்கா, படந்தானுங்க, பயப்படாதீங்க" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

வெளியே வந்ததும் கனிஷ்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "எனக்கு மறக்கலம்மா! மறந்துருச்சுன்னு நெனச்சேன், மறக்கவே இல்ல!" என்று பார்க்கிங்கில் குதித்தாள். அந்த ஒன்றுக்காகவே அந்தப் படத்துக்கு நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன் என்று அங்கேயே தோன்றிவிட்டது.

ஆனால் பிள்ளைக்கு ஆசை அடங்கவில்லை. உறுமல் வேண்டாம், அப்பா பேசுகிற மாதிரியே வேண்டும். இன்னும் ரெண்டு தடவை படம் பார்த்தோம். டிக்கெட் கிழிக்கிறவர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தார். மூன்றாவது தடவை, கடைசியில் ஓடும் பெயர்களில் கனிஷ்கா ஒன்றைப் பிடித்தாள். படப்பிடிப்பில் ஒலிப்பதிவு: உவைஸ், கோவை.

போனில் தேடி அவரைக் கண்டுபிடித்ததும் அவள்தான். பேசியது நான். செத்துப்போன மனுஷன் குரலைக் கேட்காமல் எடுத்துப் பேய்க்கு மாட்டிவிட்டீர்களே என்று நறுக்கென்று கேட்க வேண்டியதை எல்லாம் மனசுக்குள் வரிசையாக வைத்திருந்தேன். நான் யாருடைய மனைவி, அவர் எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று மட்டும்தான் சொல்லி முடித்தேன்.

"சார் இல்லைங்களா?" என்றார் அவர். "அய்யோ, எனக்குத் தெரியாதுங்கக்கா. சத்தியமாத் தெரியாது. நேர்ல வாங்கக்கா, போன்ல பேச முடியல."

மறுநாள் காலை கோட்டைமேட்டில் அவர் வீட்டுக்குப் போனோம். குறுகலான சந்து, மாடியில் ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் சத்தத்தை உறிஞ்சும் பஞ்சுப் பலகை. இருபத்தெட்டு வயது இருக்கும் உவைஸுக்கு. அவர் அம்மா ஹபீபுன்னிசா கனிஷ்காவின் கன்னத்தைத் தொட்டு, "வா கண்ணு" என்று கீழேயே இருத்தி டீயும் வர்க்கியும் கொடுத்துத்தான் மேலே விட்டார். நான் வரிசையாக வைத்திருந்ததில் பாதி அங்கேயே காணாமல் போய்விட்டது.

உவைஸ் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார். "ஒரு எடத்துல ஷூட்டிங் முடிஞ்சா, அந்த ரூமோட சத்தத்தை மட்டும் ஒரு நிமிசம் தனியாப் புடிப்போமுங்க. ரூம் டோன்னு சொல்லுவோம். எல்லாரும் அப்படியே அசையாம, பேசாம நிக்கணும். உங்க ஊட்டு ஆசாரத்துல அன்னிக்கு முப்பது பேர் நின்னோம். சார் எனக்குப் பக்கத்துல, மைக்குக்கிட்ட. பேசக் கூடாதுங்கன்னு சொன்னோம், சரிங்கன்னாரு. இருபது செகண்டு தாங்கலைங்கக்கா. அவரால முடியல."

"என்ன பண்ணுனாரு?"

"எங்களைப் பாத்து, சாப்ட்டாச்சுங்களான்னு கேட்டுட்டாருங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு என்ன செய்வார் அந்த மனுஷன்? வீட்டுக்குள் முப்பது பேர் நிற்கும்போது வாயை மூடிக்கொண்டு நிற்பது எங்கள் பக்கத்து ஆளுக்கு ஆகிற காரியமா? தலைபோகிற வேலையானாலும் அதைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்தது.

"எல்லாரும் சிரிச்சுட்டோம். மறுபடி எடுத்தோம். ஆனா மொதல்ல எடுத்ததை நான் அழிக்கல. அப்புறம் பேய்க்கு ஒரு கொரல் வேணும், நடிகருங்க கொரல் எதுவும் செட் ஆகலைன்னு டைரக்டர் சொன்னப்ப, அதை எடுத்து இழுத்து, கனமாக்கிக் குடுத்தேன். சார்கிட்டக் கேக்கலாம்னு ரெண்டு தடவை போன் போட்டேன், போகல. அப்படியே விட்டுட்டேன். தப்புதானுங்கக்கா. மன்னிச்சுக்கோங்க."

"அது கெடக்குதுங்க தம்பி. இழுக்காதது இருக்குதுங்களா?"

அவர் முகம் வாடியது. "எல்லாம் கம்பெனிக்குக் குடுத்துட்டேனுங்க. அவங்க அழிச்சிருப்பாங்க. என்கிட்ட ஒரு பழைய டிஸ்க் இருக்கு, அது ஒருநாள் தொறக்கும், ஒருநாள் தொறக்காது."

கம்ப்யூட்டரில் செருகினார். திறக்கவில்லை. கழற்றிச் செருகினார். பழுதுபட்ட மின்விசிறி மாதிரி டிக் டிக் என்று சத்தம் மட்டும் வந்தது. கனிஷ்கா நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். உவைஸ் வயரை மாற்றி, பிஸ்மில்லா என்று முணுமுணுத்துவிட்டு மூன்றாம் தடவை செருகினார். நானும் ரங்கநாதா என்றேன். திறந்துகொண்டது.

பெரிய ஸ்பீக்கரில் போட்டார். முதலில் வெறும் அமைதி. தூரத்தில் ஒரு காக்கா. அப்புறம் ரெண்டு செருமல்.

"ஏனுங்க தம்பி, எல்லாரும் சாப்ட்டாச்சுங்களா? எலை போட்டுட்டாங்க, வந்துருங்க."

இழுவை இல்லை, உறுமல் இல்லை. தோட்டத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டே பேசுகிற மாதிரி அப்படியே இருந்தது. கனிஷ்கா ஸ்பீக்கருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னொருக்கா" என்றாள். உவைஸ் ஆறு தடவை போட்டார். ஏழாவது தடவை அவளே அப்பாவோடு சேர்ந்து சொன்னாள், அதே மாதிரி கடைசி எழுத்தைத் தூக்கி. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இனி அவளுக்கு மறக்காது. நான் போன பிறகும் அவளுக்கு இது இருக்கும்.

உவைஸ் எங்கள் போனில் அதை ஏற்றிக் கொடுத்தார். கிளம்ப எழுந்தபோது கனிஷ்கா கேட்டாள். "மறுபடி எடுத்தீங்களே அண்ணா, அது இருக்குதுங்களா?"

"இருக்கு பாப்பா. ஆனா அதுல யாரும் பேசல. ஒண்ணுமே இருக்காது."

"அப்பா அங்கதான நின்னாரு? போடுங்கண்ணா."

போட்டார். ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லைதான். காக்காவும் போய்விட்டிருந்தது. ஆனால் மைக்குக்குப் பக்கத்தில் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். நிதானமாக, மூக்கு வழியாக. பக்கத்தில் படுத்திருந்தபோது நான் கேட்ட மூச்சு. நாங்கள் ரெண்டு பேரும் அசையாமல் நின்று அதைக் கேட்டோம். நடுவில் ஒரு செருமல் ஆரம்பித்து, பாதியில் விழுங்கப்பட்டது. பேசாமல் நிற்க மனுஷன் என்ன பாடுபட்டிருக்கிறார்.

ஒரு நிமிஷம் முடிந்தது. "ஓகே, கட்" என்று யாரோ சொன்னார்கள். பதிவு நிற்பதற்குள் அவர் குரல் அவசரமாக வந்தது.

"அப்பாடா. தம்பி, இப்பப் பேசலாமுங்களா? என்ற ஊட்டுக்காரிக்கு ஒரு போன் போட்டுக்கறேன். கோவிச்சுட்டுப் போயி ஒம்பது நாளாச்சு. அவ கோவத்துல இருந்தா ஒழுங்காச் சோறு திங்க மாட்டா. சாப்ட்டாளோ என்னமோ."

அவ்வளவுதான். பதிவு நின்றுவிட்டது.

அந்தப் போன் வந்தது. ஒன்பதாம் நாள் மத்தியானம், அக்கா வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். திரையில் அவர் பேரைப் பார்த்தேன். கொஞ்சம் தவிக்கட்டும் என்று எடுக்காமல் கவிழ்த்து வைத்தேன். எதற்குக் கூப்பிட்டார் என்று பன்னிரண்டாம் நாள் காரில்கூட நான் கேட்கவில்லை. இவ்வளவு நாளாக, திட்டத்தான் கூப்பிட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உவைஸ் என்னைப் பார்த்து, "அக்கா, ஒக்காருங்கக்கா" என்றார். நான் உட்காரவில்லை. ஸ்பீக்கரில் கையை வைத்தேன். அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. பிள்ளையும் அந்தப் பையனும் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்ற வெட்கம்கூட எனக்கு வரவில்லை.

"சாப்ட்டாச்சுங்க மாமா" என்றேன்.